வால் ஆற்றில் ஓர் ஓடம்: யான் வான் கோயனின் வல்கோஃப் காட்சி

நெதர்லாந்தின் நைமேகன் நகரம் மேட்டில் இருக்கிறது. அதன் காலடியில் வால் ஆறு அகன்று ஓடுகிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யான் வான் கோயனின் படங்களில் மேட்டின் உச்சியில் வல்கோஃப் கோட்டை. ஆற்றில் தட்டையான ஓர் ஓடம், விளிம்பு நீரைத் தொடும் அளவுக்குச் சுமையோடு போகிறது. சில படங்களில் அந்தச் சுமை வண்டியும் குதிரையும், சிலவற்றில் மாடுகளும் ஆட்களும். அதைத் தாண்டி மீன்பிடிப் படகுகள், தூரத்தில் மெலிந்துகொண்டே போகும் பாய்கள். தொடுவானம் தாழ்ந்து கிடக்கிறது. படத்தின் பாதிக்கு மேல் வானம்தான்.

யான் வான் கோயன் இந்தக் காட்சியை இருபது முறைக்கு மேல் வரைந்தார். 1641 என்று தேதியிட்டவற்றில் ஒன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது, இன்னொன்று நைமேகனிலேயே இருக்கிறது. எந்தப் படத்தின் முன் நின்றாலும் முதலில் தட்டுப்படுவது நிறம். ஆறு, மேடு, படகு, மேகம் எல்லாம் வைக்கோல், சாம்பல், காய்ந்த மண் என்ற ஒரே குடும்பத்து நிறங்கள். ஓவியர் வைத்த நிறம்தானா இது? 380 ஆண்டுகளில் வந்து சேர்ந்ததா? இந்தக் குழுப் படங்களை ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு, அவை உருவான விதத்திலிருந்து இதற்குப் பதில் தேடலாம். அவர் வரைந்த வேகம்தான் சாவி. அந்த வேகத்தால் சாயம் மெலிந்தது. மெலிந்த சாயம்தான் படத்துக்கு உயிர் கொடுத்தது, பின்னாளில் அதைச் சேதத்துக்கும் ஆளாக்கியது.

இடமும் ஓடமும்

வல்கோஃப் சாதாரணக் கோட்டை அல்ல. சார்லமேன் பேரரசர் அரண்மனை வைத்திருந்த இடம் அது. பின்னர் 1155ல் பார்பரோசா பேரரசர் அதைப் புதுப்பித்துக் கட்டினார். வான் கோயன் காலத்து டச்சு மக்களுக்குத் தங்கள் பழம்பெருமையின் அடையாளம். அதனால்தான் அந்தப் படத்துக்குத் தொடர்ந்து வாங்குவோர் இருந்தார்கள். 1796–97ல் கோட்டையை இடித்துவிட்டார்கள். பார்பரோசா காலத் தேவாலயத்தின் வளைவுச் சுவர் ஒன்றும், பதினாறு பக்கம் கொண்ட புனித நிக்கோலஸ் சிற்றாலயமும் மட்டும் இன்று மிச்சம். கோட்டையின் முழு உருவத்தை அறிய இப்படிப்பட்ட ஓவியங்களையும் கோட்டுப்படங்களையும்தான் நாட வேண்டியிருக்கிறது.

ஆனால் இவற்றைப் புகைப்படம்போல் நம்பக் கூடாது. கோட்டை தென்கரையில் இருக்கிறது, பார்ப்பவர் ஆற்றின் மேலோ வடகரைப் பக்கமோ நிற்கிறார். அந்த அட்சரேகையில் சூரியன் பகலெல்லாம் தெற்கே சாய்ந்தே போகும். ஆகவே ஆற்றைப் பார்த்த சுவர்கள் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். கோடைகாலத்தில் அதிகாலையிலும் மாலையிலும் மட்டுமே பக்கவாட்டில் வெயில் விழும். படத்தில் சுவருக்குச் சுவர் ஒளியும் நிழலும் மாறி மாறி வருகிறதென்றால், அது படத்துக்கு வேண்டிய ஒளி. கோபுரங்களின் உயரமும் மேட்டின் சரிவும்கூடப் படத்துக்குப் படம் மாறும். அவர் ஊர் ஊராகப் போய்க் கருப்புச் சாக்கட்டியால் சிறு ஏடுகளில் கோடு போட்டு, சாம்பல் நீர்ச்சாயம் பூசிக்கொண்டு வருவார். எண்ணெய் ஓவியம் உருவானது ஹேக் நகரத்துப் பட்டறையில். 1632 முதல் அவர் குடியிருந்த ஊர் அது. கோட்டையை ஓர் ஏட்டிலிருந்தும் ஓடத்தை வேறொன்றிலிருந்தும் எடுத்துச் சேர்ப்பார்.

ஓடத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு தேதியே கிடைக்கும். ரைன் ஆற்றின் கிளைகளிலேயே பெரியது வால். ரைன் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதில்தான் போகிறது. இப்படிப்பட்ட நீரோட்டத்தில் குறுக்கே போவது கடினமான வேலை. 1657ல் ஹென்ட்ரிக் ஹைக் என்பவர் நைமேகனில் ஒரு புது ஏற்பாடு செய்தார். நடு ஆற்றில், மேல்நீர்ப் பக்கம் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு, அதிலிருந்து நீளமான வடத்தை ஓடத்தில் கட்டினார். வடம் நீரில் மூழ்காதபடி சிறு படகுகளின் வரிசை அதைத் தாங்கும். ஓடத்தை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பினால் போதும், கடிகாரத் தொங்கட்டான் போல நீரே அதை அக்கரைக்குத் தள்ளிவிடும். 1936ல் வால் பாலம் திறக்கும்வரை இந்த முறை ஓடியது.

வான் கோயன் இறந்தது 1656 ஏப்ரலில். அவர் ஓடங்கள் துடுப்பையும் கழியையும் பாயையும் நம்பியவை. அவர் பெயரில் வரும் ஒரு வல்கோஃப் படத்தில் வடமும் அதைத் தாங்கும் படகு வரிசையும் இருந்தால், அந்தப் பகுதியாவது அவர் கை அல்ல. கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம்.

மற்றப் படகுகளும் இப்படியே பேசும். டச்சு ஆற்றுப் படகுகளுக்கு அடிப்பகுதி தட்டை. ஆழம் குறைந்த நீரிலும் போகலாம், வற்றும்போது சேற்றில் நிமிர்ந்தே உட்காரும். ஆனால் காற்று பக்கவாட்டில் அடித்தால் படகு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்கத்தான் இரு பக்கமும் காது மடல்போல் தொங்கும் அகலப் பலகைகள். காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பலகையை நீருக்குள் இறக்குவார்கள். சிறு சரக்குப் படகுகளில் பாயின் மேல் மூலையை ஒரு சாய்ந்த கழி தாங்கி நிற்கும். பாயின் அடியில் குறுக்கு மரம் கிடையாது. பாலம் வந்தால் பாய்மரத்தோடு சேர்த்து மடக்க வசதி, சுமை ஏற்ற இறக்கத் தளத்தில் இடைஞ்சல் இல்லை. இந்தக் கழியும் பலகையும் எதற்கென்று புரிந்து வரைந்தவர் யார், பார்த்து நகலெடுத்தவர் யார் என்பது எளிதில் தெரியும். நகலெடுத்தவர் காற்றுக்கு முரணாகப் பாய் புடைத்திருக்க வரைவார், இரு பக்கப் பலகையையும் ஒருங்கே நீரில் விடுவார், கழியின் அடிமுனையை எதிலும் கட்டாமல் அந்தரத்தில் விடுவார்.

முன்னால் இருக்கும் சிறு படகில் இரண்டு மூன்று பேர் குனிந்திருப்பார்கள். வலையோ பறியோ தூக்குகிறார்கள். முகம் கிடையாது, தொப்பிக்கு ஒரு தொடுகை, முதுகுக்கு ஒரு தொடுகை. ஆனால் முதுகின் வளைவில் ஈரவலையின் பாரம் தெரியும். படகின் பக்கப் பலகையில் பல நேரம் வி, ஜி எழுத்துகளும் ஆண்டும் இருக்கும். அவர் கையெழுத்துக்கு விருப்பமான இடம் அது.

பலகை முதல் கடைசிக் கயிறு வரை

சிறிய, நடுத்தர அளவுப் படங்களுக்கு ஓக் பலகைதான் வழக்கம். பெரும்பகுதி பால்டிக் கடலோரக் காடுகளிலிருந்து கப்பலில் வந்த மரம். மரத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஆரவாட்டில் பிளந்த பலகை வளையாது. ஆனால் அப்படிப் பிளந்தால் 25–30 செ.மீ. அகலத்துக்கு மேல் கிடைப்பது அரிது. அதனால் உயரமான படத்துக்கு இரண்டு மூன்று பலகைகளைக் கிடையாக ஒட்டுவார்கள். தடிமன் ஏறத்தாழ 1 செ.மீ., பின்புற விளிம்புகள் சட்டத்தில் உட்காரும்படி சீவப்பட்டிருக்கும்.

பலகையைத் தயாராகவே கடையில் வாங்கலாம். சாக்கட்டிப்பொடியை வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசையில் குழைத்துப் பூசி, மர இழைகளின் பள்ளம் நிரம்பும்வரை மட்டும் விட்டு மிச்சத்தைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். அதன்மேல் ஈய வெள்ளையில் கொஞ்சம் காவியும் பழுப்பு மண்ணும் கலந்த மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. மொத்தத்தில் மரத்தின் தேன்நிறம் லேசாக மேலெழும் அளவுக்கே பூச்சு இருக்கும். வான் கோயன் இந்த அடித்தளத்தையே ஒரு நிறமாகப் பயன்படுத்தினார். மேகத்தின் நிழல், கரையின் மணல், நீரில் கிடக்கும் மங்கல் ஒளி ஆகியவற்றில் பல இடங்களில் அவர் எதையும் பூசவே இல்லை.

அதன்மேல் கருப்புச் சாக்கட்டியில் சில கோடுகள் மட்டும்: தொடுவானம், கோட்டையின் வெளிவிளிம்பு, பெரிய படகின் உடல். அகச்சிவப்புக் கதிரில் இவை தெளிவாகத் தெரியும், மேற்சாயம் தேய்ந்த இடத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

வானம் முதலில். அகலத் தூரிகையால், ஈய வெள்ளையும் ஸ்மால்ட் என்ற நீல நிறமியும் கலந்து, படுக்கை வாட்டில் இழுப்பு. கோட்டை வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டு இழுப்பார். சிறு படகுகளுக்கும் தூரத்துப் பாய்களுக்கும் அப்படி இடம் விடுவதில்லை, அவை பிற்பாடு மேலே வரும். ஸ்மால்ட் என்பது கோபால்ட் சேர்த்து உருக்கிய நீலக் கண்ணாடியின் பொடி. நைஸாக அரைத்தால் வெளுத்துவிடும், அதனால் கரகரப்பாகவே பயன்படுத்த வேண்டும். எண்ணெயில் கலந்தால் துகள்கள் வழிந்து இறங்கும். அதை வைத்துக்கொண்டு நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. அல்ட்ராமரைன் என்ற விலை உயர்ந்த நீல நிறமியோடு ஒப்பிட்டால் மிக மலிவு, சந்தைக்கு வரைபவருக்கு அதுதான் கட்டுபடி.

நீருக்கு வானத்தின் மிச்சக் கலவையே போதும். கோட்டையின் பிரதிபலிப்பை மேலிருந்து கீழே இழுத்து, காயுமுன் குறுக்கே சில கீற்றுகள் போட்டால் ஆறு நகரத் தொடங்கிவிடும். முன்கரைக்குப் பழுப்பு மண்ணும் கருப்பும் எண்ணெயில் நீர்த்த பூச்சு. அதன்மேல் ஈய வெள்ளையும் மஞ்சளும் கலந்த கெட்டிச் சாயத்தால் ஒளித் தொடுகைகள். ஓடத்தின் விளிம்பு, குதிரையின் முதுகு, ஒருவரின் சட்டையில் கடுகளவு சிவப்பு. எல்லாம் முடிந்தபின் நீளமயிர்த் தூரிகையில் நீர்த்த கரும்பழுப்பு எடுத்துக் கயிறு, துடுப்பு, பாய்மரம்.

இந்த முறையைப் பற்றி 1678ல் ஓவியரும் எழுத்தாளருமான சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் ஒரு கதை பதிந்திருக்கிறார். மூன்று ஓவியர்கள் ஒரே நாளில் ஒரு படம் முடிப்பதென்று பந்தயம். வான் கோயன் பலகை முழுவதும் இங்கே வெளிச்சம், அங்கே இருட்டு என்று அப்பிவிட்டு, பல வண்ணம் கலந்த அகேட் கல்லைப் போல் ஆன அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து சிறு தொடுகைகளால் வீடு, கப்பல், துறை எல்லாவற்றையும் வெளியே எடுத்தாராம். கதையில் வென்றது, மூவரில் ஒருவரான, யோசித்து வரைந்த போர்செலிஸ்தான். நடந்ததோ இல்லையோ, பலகைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் வான் கோயனைப் பற்றிய விவரிப்பு அப்படியே பொருந்துகிறது.

வேகத்துக்குக் காரணம் பிழைப்பு. அவர் பெயரில் ஏறத்தாழ 1,200 ஓவியங்களும் 800க்கு மேற்பட்ட கோட்டுப்படங்களும் இருக்கின்றன. பெரும்பாலானவை யாரும் முன்கூட்டிக் கேட்டு வாங்கியவை அல்ல, சந்தைக்கு வரைந்தவை. 1651ல் ஹேக் நகரம் தன் அகலக் காட்சி ஓவியத்துக்காக அவருக்கு 650 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கொடுத்தது, ஆனால் அப்படி வேலை எப்போதோ ஒரு முறைதான் வரும். 1637ல், ஊகத்தால் ஏறியிருந்த துலிப் பூக்கிழங்கு விலை சரிவதற்குச் சற்று முன்பு கிழங்கு வாங்கி மாட்டிக்கொண்டார். வீடு, நிலம் என்று வாங்கி விற்றும் பார்த்தார். இறக்கும்போது கடன்தான் மிஞ்சியது. குறைந்த நிறமி, மலிவான நீலம், ஈரம் காயுமுன் முடிக்கும் கை எல்லாமே இந்த நெருக்கடியில் பழகியவை. அந்த நெருக்கடியிலிருந்து ஈரக்காற்று வீசும் ஆற்றை அவர் கண்டெடுத்தார் என்பதுதான் வியப்பு.

பழுப்பின் கணக்கு

ஆக, பழுப்பில் ஒரு பங்கு அவருடையதே. 1620களின் கடைசியிலிருந்து அவரும், ஹார்லெமில் சாலமன் வான் ரைஸ்டாலும் பீட்டர் டி மொலைனும் நிறங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஈரப்பதம் நிறைந்த காற்றில் தூரத்துப் பொருள்கள் நிறம் இழப்பதைக் காட்ட அது சரியான வழி. மிச்சப் பங்கு காலத்தினுடையது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெரிய மாற்றம் ஸ்மால்ட்டில். அந்தக் கண்ணாடியில் இருக்கும் பொட்டாசியம் மெல்ல எண்ணெய்க்குள் கசிந்துவிடும். அது போனபின் கோபால்ட் அணுவைச் சுற்றிய அமைப்பு மாறி, நீலம் போய்ச் சாம்பலாகிவிடும். கூடவே எண்ணெயும் பழுக்கும். வெறும் கண்ணுக்குப் பழுப்புச் சாம்பலாகத் தெரியும் வானத்தில் தனிமங்களைக் கண்டறியும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியை வைத்தால் கோபால்ட், நிக்கல், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்து வரும். அந்த இடம் ஒருகாலத்தில் நீலமாக இருந்ததற்கு அதுவே சாட்சி. ஈய வெள்ளை அதிகம் கலந்த இடத்தில் ஸ்மால்ட் ஓரளவு நிறம் தாங்கும். அதனால் மேகத்தின் வெளுத்த ஓரத்தில் நீலம் மிஞ்சி, ஆழ்ந்த நீலமாக இருந்த திறந்த வானம் சாம்பலாகிப் போயிருக்கும். ஓவியர் நினைத்ததற்கு நேர் எதிரான வரிசை இது.

அடுத்தது சாயம் கண்ணாடிபோல் ஆவது. எண்ணெய் முதிரும்போது அதன் ஒளிவிலகல் கூடும், ஈய வெள்ளையோ எண்ணெயின் அமிலங்களோடு சேர்ந்து ஈய சோப்பாக மாறும். இரண்டும் சேர்ந்து பூச்சை ஊடுருவித் தெரியச் செய்கின்றன. கெட்டியாகப் பூசிய படத்தில் இது பெரிதாகத் தெரியாது. வான் கோயனின் மெல்லிய பூச்சில் மரமே மேலே வந்துவிடும். வானத்தில் கிடையாக ஓடும் இழைக்கோடுகளைப் பலர் காற்றின் ஓட்டமாக ரசிக்கிறார்கள். அது ஓக் மரத்தின் இழை.

மூன்றாவது, மனிதக் கை. பழைய நாட்களில் சாம்பல் கரைசல், காரநீர், சாராயம் கொண்டு படங்களைத் தேய்த்துக் கழுவினார்கள். ஈய வெள்ளை நிறைந்த தொடுகைகள் அதைத் தாங்கும். பழுப்பு மண்ணும் கருப்பும் கலந்த எண்ணெய்ப் பூச்சு தாங்காது. எனவே முதலில் போவது கடைசியாக வந்தவை: கயிறுகள், துடுப்புகள், தூரத்துப் படகுகளின் பாய்மரங்கள், முன்கரையின் நிழல். மர இழையின் மேடுகளில் சாயம் தேயும், பள்ளங்களில் அழுக்குத் தங்கும், இழை இன்னும் தூக்கலாகத் தெரியும். பிறகு வந்தவர் கயிறு இல்லாத படகைப் பார்த்துத் தன் மனம்போல் கயிறு கட்டிவிடுவார். இவற்றுக்கெல்லாம் மேல் வார்னிஷ் மஞ்சளாகி, மிஞ்சிய நீலத்தையும் பச்சைகலந்த பழுப்பாக்கிவிடும்.

கயிற்றை எப்படிச் சோதிப்பது? நுண்ணோக்கியில் 20, 30 மடங்கு போதும். வான் கோயன் ஈர வானத்தின்மேல் கயிற்றை இழுத்திருந்தால், தூரிகை வழியில் வெள்ளையை வாரிக்கொண்டு போகும். கோட்டின் இரு ஓரத்திலும் வரப்புபோல் சிறு மேடு எழும், கரும்பழுப்பு நடுநடுவே வெளிறி அறும். கோடும் அடிச்சாயமும் ஒன்றாகவே வெடித்திருக்கும். பின்னாளில் போட்ட கயிறோ உலர்ந்த பரப்பின்மேல் கிடக்கும், ஏற்கெனவே இருந்த வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருக்கும். கையெழுத்துக்கும் இதே சோதனைதான்.

சோதனை வரிசையில் அவசரம் கூடாது. முதலில் சாய்வொளியில் பலகையின் வளைவும் தூரிகை மேடுகளும். பிறகு புற ஊதாக் கதிர். பழைய வார்னிஷ் பச்சையாக மிளிரும், புதிய திருத்தங்கள் கருந்திட்டாக நிற்கும். அடுத்து அகச்சிவப்பு, அதன்பின் தனிமங்கள். வானத்தில் பிரஷ்ய நீலம் வந்தால் அது 18ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. டைட்டானியம் வெள்ளை வந்தால் 20ஆம் நூற்றாண்டுத் திருத்தம்.

பலகையின் வயதை மரத்தின் ஆண்டு வளையங்கள் சொல்லும், ஆனால் 'இதற்கு முன் இல்லை' என்ற அளவில் மட்டும். உதாரணமாக, பலகையில் வைரத்தின் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) கடைசி வளையம் 1615 என்றால், சீவி எறிந்த வெளிமரத்துக்குக் குறைந்தது 8 ஆண்டு, காயவைக்க ஓரிரு ஆண்டு சேர்த்து, 1625க்கு முன் அது ஓவியப் பலகை ஆகியிருக்காது. படத்தில் 1641 என்றிருந்தால் முரண் இல்லை. ஆனால் அவர்தான் வரைந்தார் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் தான் பலர் தாவிவிடுகிறார்கள்.

பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பலகை வளையாதிருக்க அதைச் சில மில்லிமீட்டர் வரை இழைத்து, பின்னால் மரச்சட்டக் கூண்டு ஒட்டினார்கள். குறுக்குச் சட்டங்கள் நகரும் என்பது கணக்கு. நாளாவட்டத்தில் அவை இறுகிக்கொள்ளும். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது பலகைக்கு விரிய இடமில்லை, ஒட்டிய மூட்டில் பிளக்கும். கிடைமூட்டுகள் பெரும்பாலும் வானத்தின் நடுவிலோ தொடுவானத்துக்கு அருகிலோ ஓடுவதால், பிளவும் அதை மறைக்கப் பூசிய திட்டும் சரியாகக் கண்ணில் குத்தும் இடத்தில் வரும். பாதுகாப்புக்கு வழி எளிது: காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, திடீர் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். இறுகிய சட்டத்தை விடுவிப்பதைத் தேர்ந்த கை மட்டுமே செய்ய வேண்டும்.

சுத்தம் செய்யும்போது முன்கரையின் பழுப்பில்தான் கை நடுங்க வேண்டும். மஞ்சள் வார்னிஷும் ஓவியரின் நீர்த்த பழுப்பும் ஒரே கரைப்பானுக்கு இளகக் கூடியவை. சட்டத்தில் மறையும் ஓரத்தில், ஓரிரு மில்லிமீட்டர் இடத்தில், பஞ்சு சுற்றிய குச்சியால் வலுக்குறைந்த கரைப்பானில் தொடங்கிப் படிப்படியாகப் போக வேண்டும். பஞ்சில் மஞ்சள் வரும்வரை சரி. பழுப்புத் துகள் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். வானத்தில் முழுதும் நீக்கிவிட்டு முன்கரையில் மெல்லிய வார்னிஷை விட்டுவைப்பது தவறல்ல. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படத்தின் ஆழத்தைப் பொய்யாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு திருத்தம். சாம்பலான ஸ்மால்ட்டின்மேல் நீலம் பூசி வானத்தை 'மீட்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை. மர இழைகளை முழுக்க மறைப்பதும் வேண்டாம். தேய்ந்த மேடுகளில் மட்டும், எப்போது வேண்டுமானாலும் துடைத்தெடுக்கக் கூடிய சாயத்தால் புள்ளி புள்ளியாகத் தணித்தால் வானம் மறுபடி வானமாகும். ஓடத்தின் கயிற்றை மீண்டும் வரைவதா என்ற கேள்வி வந்தால், அந்த வழியில் பழைய கரும்பழுப்பின் துகள் தொடர்ச்சியாக மிஞ்சியிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மிஞ்சியிருந்தால் துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை மட்டும் இணைக்கலாம். ஒரு துகளும் இல்லாவிட்டால் படகு கயிறில்லாமலே போகட்டும்.